போத்தனூர்ல பொறந்த அந்தம்மா

கண்ணு,

நல்லா இருக்கியா சாமி. மெயில்ல அடிக்கறேன், எழுத்து தப்பிருந்தா கண்டுக்காத. வேளாவேளைக்கு சாப்பிடறியா? வைகாசில அந்த மேட்டுப்பாளையத்து ஜாதகம் அனுப்புனதுல இருந்து போன் எடுத்தா ம்ம்ங்கற, வேலையிருக்குங்கற, வெச்சிடற. நீ டீம் லீட் ஆனதை நான் தெரு முழுக்க சொல்லிட்டு வந்தேன், எனக்கே அது உங்க சித்தி சொல்லித்தான் தெரிஞ்சுது. போகட்டும். சாப்பாட்டை மட்டும் விட்டுறாத.

சித்திரைல ஒரு போட்டோ அனுப்பிச்சியே, மான்செஸ்டர் பார்க்ல பெஞ்சு மேல ஒரு சிலை, கைல ஆப்பிளோட, பக்கத்துல நீ சிரிச்சுட்டு உக்காந்திருக்க. நீ அப்படி சிரிச்சு நான் பாத்து எத்தனை வருஷமாச்சு. போட்டோ எடுத்தது யாருன்னு நான் கேக்கல. சிலை யாருன்னுதான் பெரியம்மா பேத்திகிட்ட கேட்டேன். ஆலன் டூரிங்காம், கம்ப்யூட்டரே இல்லாத 1936லயே ஒரு மிஷினால எதைக் கணக்கு போட முடியும் எதை முடியாதுன்னு பேப்பர்ல எழுதிக் காமிச்சவராம், யுத்தத்துல ஜெர்மன்காரன் ரகசிய சங்கேத பாஷையை உடைச்சதுல பெரிய பங்காம். மீதியை சொல்லாம போனை நோண்ட ஆரம்பிச்சுட்டா. நானே தேடிப் படிச்சேன்.

அவரோட அம்மா எங்க பொறந்தாங்க தெரியுமா? நம்ம போத்தனூர்ல, 1881ல! அந்தம்மாவோட அப்பா மெட்ராஸ் ரயில்வேல சீஃப் என்ஜினியராம். உங்கப்பா 31 வருஷம் சைக்கிள் மிதிச்சு ஒர்க்‌ஷாப் போன ஊரு. அவர்கிட்ட சொன்னேன், அப்படியான்னுட்டு பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டார். மீதிக்கதையை அவருக்கு சொல்லல.

1952ல, இன்னொரு ஆம்பளை கூட இருந்தார்னு டூரிங் மேல கேஸ் போட்டு ஜெயிலா ஊசியான்னு கேட்டிருக்காங்க. ஊசின்னுட்டார். ஒரு வருஷம் பொம்பளை ஹார்மோன். 1954 ஜூன்ல சயனைடு, கட்டில் பக்கத்துல பாதி கடிச்ச ஆப்பிள், வயசு 41. தற்கொலைன்னு தீர்ப்பாச்சு. அந்தம்மா ஒத்துக்கவே இல்ல. வீட்ல கெமிக்கல் வெச்சு என்னமோ பண்ணிட்டிருப்பான், கையக் கழுவ மாட்டான், அப்படித்தான் வாய்க்குள்ள போயிருக்கும்னு சொன்னாங்களாம். 1959ல மகனைப் பத்தி புக்கே போட்டாங்க, அதுல அந்தக் கேஸைப் பத்தி மூச்சு விடல. கவர்மென்ட் கைகழுவி விட்ட பையனை, அவன் கையக் கழுவலைன்னு சொல்லிட்டிருந்திருக்காங்க பாரு. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. அப்புறம் ராத்திரி முழுக்க தூக்கமே இல்ல.

ஊசின்னு படிச்ச இடத்துல நின்னுட்டேன் கண்ணு. நீ காலேஜ் ரெண்டாவது வருஷம், உன் பைல இருந்த லெட்டரை எடுத்துட்டு டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனேன், உனக்கு சொல்லாம. எல்லாம் சரியாயிரும்னு மாத்திரை எழுதிக் குடுத்தார். சத்து மாத்திரைன்னு சொல்லி பாலோட நான்தான் குடுத்தேன், ஆறு மாசம். எந்நேரமும் தூங்கிட்டே கெடந்த, ரெண்டு பேப்பர் அரியர் விழுந்துச்சு, படிக்காம ஊர் சுத்தறியான்னு உன்னையேதான் திட்டுனேன். உங்கப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. லெட்டரையும் அடுப்புல போட்டுட்டேன். அதுல தப்பா ஒன்னுமே இல்ல, பரீட்சை நல்லா எழுதுன்னுதான் அந்தப் பையன் எழுதிருந்தான்.

நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்ல, எப்படி சொல்லுவ.

2013ல அந்த ஊர் ராணி அவருக்கு மன்னிப்பு குடுத்தாங்களாம். யாரு யாருக்கு மன்னிப்பு குடுக்கறது? 2021ல 50 பவுண்டு நோட்டுல படம் கூட போட்டுட்டாங்க. அந்தம்மா 1976லயே போயிட்டாங்க, அதை எங்க பாக்கறது.

மேட்டுப்பாளையத்து ஜாதகத்தை திருப்பிக் குடுத்தாச்சு. பொருத்தம் சரியில்லன்னு சொல்லிட்டேன். பத்துக்கு எட்டு இருந்துச்சு.

பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கேன், கொஞ்சம் கூடவே இருக்கும், ரெண்டு பேர் சாப்பிடலாம். ஞாயித்துக்கிழமை நம்ம டைம் மூணு மணிக்கு மேல கூப்பிடு. அப்பா தூங்கிட்டு இருப்பார்.

அம்மா