காரின் ஏ.சி. கோளாறு தீர்க்கப்படாதது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனம் தயாரித்த காரை வாங்கித் தங்கச்சிமடத்தில் வாடகை வண்டியாக ஓட்டிவரும் நான், அதன் ஏ.சி. கோளாறுக்காக ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அலைந்து ஓய்ந்துபோன பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். புறப்படும்போது குளிர் நன்றாக வருகிறது. பாம்பன் பாலத்தைத் தாண்டி உச்சிப்புளியை நெருங்குவதற்குள், ப்ளோயர் முழு வேகத்தில் இரைந்தாலும் காற்று ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஏ.சி.யை அணைத்துச் சற்று நேரம் விட்டால், வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டிய பின் காற்று திரும்பிவிடுகிறது. காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் பிடித்துக் காற்றை அடைப்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

காயிலின் வெப்பநிலையைச் சென்சார் அளந்து சொல்ல, அது 0 டிகிரிக்கு இறங்குமுன் கண்ட்ரோல் யூனிட், குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்தவோ அதன் வேலையைக் குறைக்கவோ வேண்டும் என்பது தாங்களே வடிவமைத்த ஏற்பாடு. தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கடலோர ஈரக்காற்றில் காயிலில் படியும் நீர் மிகுதி. சென்சார் சற்றுப் பிழையாகச் சொன்னாலே இங்கு ஐஸ் கட்டிவிடும். அது காட்டும் அளவை ஸ்கேனரில் பார்த்து, காயிலின் உண்மையான வெப்பநிலையோடு ஒப்பிட இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. போகும்போதெல்லாம் கேஸ் நிரப்பிப் பணம் வாங்கியதுதான் மிச்சம். கேஸ் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும் என்பதை அறிவேன்; ஆனால் மூடிய சுற்றில் கேஸ் குறைந்தால் கசிவு எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

மதுரை சர்வீஸ் சென்டரில் நாள் முழுவதும் காக்க வைத்த அலுவலர், "கடலோரத்தில் ஓட்டினால் இப்படித்தான், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்" என்று என் முகத்தைக்கூடப் பாராமல் சொன்னார். ராமேஸ்வரத்துக்கு வரும் முதியோரையும், மதுரை மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளையும் ஏற்றிச் செல்பவன் நான். வெயிலில் அவர்களிடம் கண்ணாடியை இறக்கச் சொல்வதா? வழக்கமாக அழைத்தவர்கள் எல்லோரும் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள்; என் பிழைப்பே அழிந்துவிட்டது. ராமநாதபுரத்தில் முதலில் காட்டியபோதே அந்தச் சென்சாரைச் சோதித்திருந்தால் மதுரைக்குப் போய் அந்தச் சொல்லைக் கேட்க நேர்ந்திருக்காது.

பொறியாளர் ஒருவரை அனுப்பி, ஓடும் வண்டியிலேயே சென்சாரையும் கண்ட்ரோல் யூனிட்டையும் சோதித்து, கசிவு இருந்தால் அதையும் சரிசெய்து, கேஸுக்கு வாங்கிய தொகையைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவேன். வாடகை வண்டி என்று தட்டிக்கழிக்க வேண்டாம்: சுயதொழிலாகப் பிழைப்புக்கென வாங்கியவனும் நுகர்வோரே என்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது. ரசீதுகளின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தங்கச்சிமடம்