ஜெர்பரா சாகிறது வெயிலால இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு,

உங்கட பேப்பர் வீட்டுத்தோட்டப் பகுதியில ஜெர்பரா குளிர் ஊர்ப் பூ, மட்டக்களப்பு வெக்கைக்குத் தாங்காது எண்டு போட்டிருந்தீங்க, அத வாசிச்சிட்டு எங்கட ஒழுங்கையில உள்ளாக்கள் இருக்கிற கண்டையும் புடுங்கி எறிவம் எண்டு நிக்கிறாங்க, அதுதான் எழுதுறன்.

இது நுவரெலியாவில பிறந்த பூ இல்ல ஐயா. தென்னாபிரிக்காவில பார்பர்டன் பக்கம் கல்லும் புல்லுமான மலைச்சரிவில தானா முளைக்கிறது, 1880களில தங்கம் தேடிப் போன ராபர்ட் ஜேம்சன் எண்டவர் எடுத்துக் குடுத்துத்தான் வெளிய பரவினது. அங்கயும் நல்ல வெயில், மழையும் பெய்யும், ஆனா சரிவில தண்ணி நிக்காது, விசயமே அதுதான்.

எங்கட பக்கம் கச்சான் எண்டுற வெக்கைக் காத்து அடிக்கிற காலத்தில பூ சின்னதாகும், தண்டு கட்டையாகும், அத நான் இல்லண்டு சொல்லல்ல. ஆனா கண்டு சாகிறது மாரியிலதான். மலைநாட்டு லொறியில வாற சாடிய வாங்கி, காத்துக்கு விழாம நிக்கட்டும் எண்டு ஆழமாப் புதைச்சு விடுறாங்க. இலையள விலத்தி நடுக்குருத்தப் பாத்தீங்கண்டா வெள்ளையா மெல்லிசு மயிர் படர்ந்திருக்கும், அந்த இடம் மண்ணுக்கு மேல நிக்க வேணும், மூடினா அழுகும். மண் ஈரமாக் கிடக்க இலை தொங்கும், தண்ணி காணாதாக்கும் எண்டு இன்னும் ஊத்துவாங்க, மறுகா புடிச்சு இழுத்தா குருத்து மட்டும் கையோட வரும்.

ஆத்துமணல், மக்கின மாட்டெரு, கழுவின தும்புத்தூள் கொஞ்சம் கலந்து, குருத்து மேல தெரிய நட்டு, சாடிக்கடியில செங்கல் வைங்க. காலை வெயில் படட்டும், பின்னேர வெயில் வேணாம். தண்ணிய காலையில ஓரத்தால விடுங்க. கார்த்திகை மார்கழிக்குத் தாவாரத்துக்குள்ள எடுத்திடுங்க, நிலத்தில நடுறாக்கள் பாத்திய உசத்திக் கட்டுங்க.

இன்னொண்டு, புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டா உரம் காணாதெண்டு யூரியா போடாதீங்க. இது கொஞ்சம் புளிப்பு மண் கேக்கிற கண்டு, புளிப்பக் காட்டுற பிஎச் அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில. எங்கட சில கிணத்துத் தண்ணி நல்ல கடினம், அத விட விட மண்ணில புளிப்புக் குறைஞ்சு கண்டால இரும்புச்சத்த எடுக்க ஏலாமப் போகும். மழைத்தண்ணி புடிச்சு வைச்சு விட்டா வித்தியாசம் தெரியும்.

மலைநாட்டுக் குறிப்ப அப்படியே போடாம எங்கட மாரி, கச்சானுக்கு ஏத்த மாதிரி ஒருக்கா எழுதச் சொல்லுங்க ஐயா. கொத்துப் பிரிச்சு நடுறதெண்டா தை கழிஞ்சு மழை விட்டாப் பிறகுதான், அதயும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
வாசகி, கல்லடி