மியூனிக்கில் இருக்கும் தம்பிக்கு: எந்த பியர், எந்த வேளைக்கு?

அன்புள்ள தம்பி,

எது நல்ல பியர் என்று கேட்டிருந்தாய். மணி என்ன, தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நீ இருக்கும் ஊரில், பக்கத்துக் கடையிலேயே கிடைப்பவற்றை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வைஸ்பியர், அதாவது கோதுமை பியர். சனி, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. பவேரியாக்காரர்கள் (உன் மியூனிக் இருக்கும் மாநிலத்தவர்) நண்பகலுக்கு முன்பே வெள்ளை சாஸேஜ், இனிப்புக் கடுகு, பிரெட்ஸல் இவற்றோடு இதைக் குடிப்பார்கள். மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரும். பழமோ மசாலாவோ எதுவும் சேர்ப்பதில்லை, இரண்டும் ஈஸ்ட் தருவது.

இதை ஊற்றுவதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். பாட்டிலை ஃபிரிட்ஜில் படுக்க வைக்காதே; அடியில் படிந்த ஈஸ்ட் கலைந்துவிடும். அரை லிட்டர் உயரக் கிளாஸை எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் இல்லாமல் கழுவு. இரண்டில் எது ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது. பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடே எடு. காய்ந்த கிளாஸில் நுரை பொங்கி வழியும். கிளாஸை நன்றாகச் சாய்த்து, உள்சுவரை ஒட்டி மெதுவாக ஊற்று. பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிஞ்சும்போது நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, அடியில் இருக்கும் ஈஸ்ட்டைக் கலக்கி, நிமிர்த்திய கிளாஸின் நடுவில் கவிழ். அந்தக் கடைசி இரண்டு விரலை விட்டுவிட்டால் பியர் சப்பென்று இருக்கும். எலுமிச்சைத் துண்டு போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல். கிராம்பு வாசனையை அது அமுக்கிவிடும்.

குளிர் எவ்வளவு? 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும். குளிர்ச்சி ஒன்றுதான் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வை. 8 டிகிரியை நெருங்கும்போதுதான் வாசனை எழும்.

மாலையில், தாகத்துக்கு, ஹெல்லஸ் என்ற வெளிர் பொன்னிற பியர். 1842-இல், இன்று செக் நாட்டில் இருக்கும் பில்ஸன் நகரில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் பொன்னிற பில்ஸ்னரைக் காய்ச்சினார். அது பரவிய பிறகு மியூனிக் தன் பதிலாக 1894-இல் ஷ்பாட்டன் பியர் ஆலையிலிருந்து ஹெல்லஸை இறக்கியது. ஹெல்லஸில் புதிய ரொட்டி வாசம், மெல்லிய கசப்பு, சுமார் 5 சதவீத ஆல்கஹால். பில்ஸ்னரில் கசப்பு கூர்மை. வடை, மீன் வறுவல் போன்ற எண்ணெய்ப் பண்டத்துக்கு அதுதான் சரி, வாயைச் சுத்தமாகத் துடைத்துவிடும். தனியாக உட்கார்ந்து இரண்டு கிளாஸ் என்றால் என் தேர்வு ஹெல்லஸ்.

ஆனால் ஹெல்லஸில் எந்தக் குறையும் மறையாது. பழசானால் நனைந்த அட்டைப் பெட்டி மணம் வரும். வெயில் பட்டால் ஹாப்ஸின் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்புப் பொருள் சிதைந்து நாற்றமடிக்கும். பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் ஒளியைச் சரியாகத் தடுக்காது, பழுப்புதான் தடுக்கும். தோட்டத்தில் உட்கார்ந்தாலும் மர நிழலில் உட்கார். லிட்டர் குவளையைவிட அரை லிட்டர் கிடைத்தால் அதையே வாங்கு. பெரிய குவளையின் கடைசிப் பகுதி சூடேறி வாயு போய்விடும்.

பியர்த் தோட்டத்துக்கு உன் சாப்பாட்டை நீயே கொண்டுபோகலாம். 1812-இல் பவேரிய அரசர் பியர் ஆலைகளுக்குத் தோட்டத்தில் பியர் விற்க அனுமதி தந்தார், சமைத்த உணவு விற்கத் தரவில்லை. அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது. மேசை விரிப்பு இல்லாத மேசையாகப் பார்த்து உட்கார். பானம் மட்டும் அங்கேயே வாங்க வேண்டும்.

காரக் குழம்புக்கு ஐபிஏ (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பியர்) பொருந்தும் என்று பலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், கசப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். மிளகாய் தூக்கலான சிக்கன் வறுவலுக்கு ஹெல்லஸோ வைஸ்பியரோ எடு. ஐபிஏவைத் தனியாகவோ, முதிர்ந்த செடார் சீஸோடோ குடி. அதன் உயிரே ஹாப்ஸ் வாசனைதான், அது சீக்கிரம் போய்விடும். கேனில் அடைத்த தேதி இருந்தால் பார். மூன்று மாதம் தாண்டியதை நான் வாங்க மாட்டேன். கடையில் ஃபிரிட்ஜுக்கு வெளியே அடுக்கியிருந்தால் அதையும் விட்டுவிடு.

பாம்பெர்க் ஊர்ப் பக்கம் போனால் ரௌக்பியர், அதாவது புகை பியர், குடித்துப் பார். பீச் மரப் புகையில் காய்ந்த மால்ட். முதல் கிளாஸில் புகை மட்டுமே தெரியும், இரண்டாவதில்தான் மால்ட் இனிப்பு பிடிபடும்.

மறுநாள் வேலை இருந்தாலோ, வண்டி ஓட்டுவதாக இருந்தாலோ, ஆல்கஹால் இல்லாத வைஸ்பியர் எல்லாக் கடையிலும் உண்டு. ஊற்றும் முறை அதேதான்.

குளிர்கால இரவுக்கு டாப்பல்பாக், ஆல்கஹால் கூடிய கனமான பியர். பெயர் பெரும்பாலும் "-ஆட்டர்" என்று முடியும்; பௌலானர் ஆலையின் சால்வாட்டரில் தொடங்கிய வழக்கம். ஷ்னைடர் ஆலையின் ஆவென்டினுஸ் கோதுமையில் செய்த வகை, 8.2 சதவீதம். அரை லிட்டரில் 41 மில்லி ஆல்கஹால் இருக்கிறது, அதே அளவு ஹெல்லஸில் 25. ஆகவே ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள், 10–12 டிகிரியில், இரவு உணவு முடிந்த பிறகு, கறுப்பு சாக்லேட்டோடு. உலர்திராட்சை, கிராம்பு, நன்கு பழுத்த வாழைப்பழம் எல்லாம் அந்தச் சூட்டில்தான் வெளியே வரும். இரண்டு பாட்டில் வாங்கு. ஒன்றை உன் வீட்டு நிலவறையில், இருட்டில், நிமிர்த்தி வைத்து, மேலே வருஷத்தை எழுது. இரண்டு வருஷம் கழித்துப் புதிய பாட்டில் ஒன்றை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்.

அன்புடன்,
அண்ணன்