வீடுகளுக்கு முன்பே வந்த ரயில் நிலையம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் ஒரே சந்தோஷம். பெங்களூரில் தங்க நல்ல இடம் அமைந்துவிட்டதா?

நாங்கள் வீடு மாறிவிட்டோம். ஊர் லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் அதே எய்ல்ஸ்பரிதான். ஆனால் வடமேற்கு ஓரத்தில், பெரிஃபீல்ட்ஸ் என்ற புதுக் குடியிருப்பு. இங்கே வந்ததற்கு முக்கியக் காரணமே பக்கத்தில் இருக்கும் எய்ல்ஸ்பரி வேல் பார்க்வே ரயில் நிலையம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

பெரிய நிலையம் என்று நினைத்துவிடாதே. ஒரே ஒரு நடைமேடை, விசாலமான கார் நிறுத்துமிடம், பஸ் நிற்க இடம், பக்கத்திலேயே ஏ41 நெடுஞ்சாலை. சுற்றுவட்டாரத்துக்காரர்கள் நகர நெரிசலுக்குள் நுழையாமல் இங்கேயே காரை விட்டுவிட்டு லண்டனுக்கு ரயிலேறுகிறார்கள். 1972இல் பிரிஸ்டல் பார்க்வே நிலையத்தில் தொடங்கிய முறை இது. இப்போது இங்கிலாந்தில் பல ஊர்களில் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? 2008 டிசம்பர் 14 அன்று இந்த நிலையத்தைத் திறந்தபோது பெரிஃபீல்ட்ஸ் வெறும் வயல்வெளி. நிலையம் வந்த பிறகுதான் வீடுகள் எழும்பின. அதனால் குடிவந்தவர்கள் முதல் நாளிலிருந்தே ரயிலை நம்பி வேலை தேட முடிந்தது. வீடு முதலில் வந்து ரயில் பத்து வருடம் கழித்து வந்தால், அதற்குள் வீட்டுக்கு இரண்டு கார் வாங்கிவிடுவார்கள். பழகிப்போன காரை விட்டுவிட்டு அப்புறம் யார் ரயிலுக்கு வருவார்கள்?

நிலையம் புதிது என்றாலும் ரயில்பாதை 1868ஆம் ஆண்டினது. லண்டன் சுரங்க ரயில் என்று நாம் சொல்கிறோமே, அந்த மெட்ரோபாலிடன் ரயில்கள் 1936 வரை இந்த வழியாக வெர்னி ஜங்ஷன் என்ற வயல்காட்டு நிலையம் வரை போயிருக்கின்றன. நம்பவே முடியவில்லை! இதே வழியில் ஓடிய கிரேட் சென்ட்ரல் என்ற பாதையின் தொலைதூர ரயில்களும் 1966இல் நின்றுபோயின. அதன்பின் எய்ல்ஸ்பரிக்கு வடக்கே அன்றாடப் பயணிகள் ரயில் கிடையாது. கால்வெர்ட் குப்பைக்கிடங்குக்குப் போன சரக்கு ரயில்கள்தான் தண்டவாளத்துக்கு வேலை கொடுத்துவந்தன. அந்தப் பாதை மிஞ்சியதால்தான் நாற்பது வருடம் கழித்து இங்கே ஒரு நிலையம் கட்ட முடிந்தது.

ஏ41 சாலையே இந்த இடத்தில் பழைய ரோமானியச் சாலைதான். அதிவேக ரயில்பாதை வேலைக்காகப் பக்கத்து ஃப்ளீட் மார்ஸ்டனில் தோண்டியபோது ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. சுமார் 425 பேரைப் புதைத்திருக்கிறார்கள். உனக்குப் பிடித்த விஷயமாயிற்றே என்று எழுதுகிறேன். இங்கே வரும்போது அந்தப் பக்கம் போவோம்.

ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒன்றுதான், டீசல் வண்டி. வெண்டோவர், அமர்ஷம் என்று மலைச்சரிவு வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி லண்டனின் மேரிலபோன் நிலையத்துக்குப் போய்ச் சேரும். வழியில் ஹாரோவில் இறங்கினால் நம்மவர்கள் கடை ஏராளம். முருங்கைக்காய்க்கும் இடியப்ப மாவுக்கும் காரை எடுக்க வேண்டியதில்லை என்பதில் என் மனைவிக்கு ஏகப்பட்ட திருப்தி.

ஒரு வருத்தமும் இருக்கிறது. தண்டவாளம் வடக்கே நீண்டு கிடக்கிறது, ரயில்தான் போவதில்லை. ஆக்ஸ்போர்டையும் மில்டன் கீன்ஸையும் மறுபடி இணைக்கத் திட்டமிட்டபோது எய்ல்ஸ்பரிக்கும் ஒரு கிளை அதில் இருந்தது. பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். லண்டனுக்குப் போக மட்டும் வழி வைத்துவிட்டு, பக்கத்து ஊருக்குப் போகக் காரை எடு என்றால் அது நியாயமா? வீடுகளோ வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தக் கிளையை விடாமல் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

நீ சென்னையை அடுத்த ஊரப்பாக்கம் பக்கம் வீடு பார்ப்பதாக எழுதியிருந்தாய். பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் 2023 கடைசியில் பஸ் முனையம் திறந்தார்கள், ரயில் நிலையம் கூடவே வரவில்லை. அதனால் வரைபடத்தில் காட்டும் தூரத்தை நம்பாதே. ஒரு நாள் காலை அந்த வீட்டு வாசலிலிருந்து ரயிலேறும் வரை நடந்து பார், அதன் பிறகு முன்பணம் கொடு. என்ன முடிவு செய்தாய் என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அன்பு நண்பன்