தலையா, வாலா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. எங்கள் ஃபைல் சிஸ்டத்தின் பழைய நிரலை, நினைவகப் பக்கங்களைக் கையாளும் புதிய முறையான ஃபோலியோவுக்கு மாற்றும் வேலையில் மூழ்கிவிட்டதால் உடனே பதில் எழுத முடியவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பக்கம் நீ எட்டிப் பார்த்தே பல வருடங்கள் ஆகிவிட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லினக்ஸ் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 64 பைட்டில் ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ என்ற விவரக் குறிப்பு ஒன்றை வைத்திருப்பதும், அதனால் 16 ஜிபி கணினியில் இந்தக் கணக்கு வழக்கு மட்டுமே 256 எம்பியை விழுங்குவதும் உனக்கு நினைவிருக்கும். பல பக்கங்களைக் கூட்டாக ஒதுக்கும்போது முதல் பக்கம் தலை, மற்றவை வால். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை தலையில்தான் இருக்கும். வாலில் இருப்பது கடைசி பிட்டில் 1 போட்ட, தலையின் முகவரி. கைக்கு வந்த பாயின்டர், அதாவது முகவரி, தலையா வாலா என்பது எந்த ஃபங்ஷனுக்கும் தெரியாததால், ஒரே பக்கம் பத்து ஃபங்ஷன்களைக் கடந்தால் பத்துப் பேரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கெர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்த ஃபோலியோ, ‘இது ஒருபோதும் வாலாக இராது’ என்ற உறுதியைத் தரவு வகையிலேயே வைத்துவிட்டது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, 2022 ஜனவரியில் வெளியான 5.16 பதிப்பில் அது சேர்ந்தது. ஃபோலியோ என்ற பெயர்கூடச் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது நம் ஏட்டை நினைவூட்டுவதால் பிடித்துத்தான் இருக்கிறது. வேகத்தைவிட, குழப்பமான பாயின்டரை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே வாசலில் நிறுத்திவிடுவதைத்தான் நான் பெரிய லாபமாகக் கருதுகிறேன்.

இனி நம் கதை. கோப்பு முடிந்த இடத்துக்குப் பிறகு பக்கத்தில் மிஞ்சுவதைப் பூஜ்யத்தால் நிரப்பும் வரியில், ஒரு பக்கத்தின் அளவான 4096 (4 கேபி) என்ற எண்ணையே நேராக எழுதி, அதிலிருந்து முடிவிடத்தைக் கழித்திருந்தோம். தனிப் பக்கங்களே வந்த வரையில் பிழை வெளியே தெரியவில்லை. பெரிய ஃபோலியோக்களை அனுமதித்த அன்று 64 கேபி ஃபோலியோ ஒன்றில் கோப்பு 5000ஆவது பைட்டில் முடிய, கழித்து வந்த விடை சுழியத்துக்குக் கீழே போய், எதிர்மறையை ஏற்காத குறியற்ற எண் என்பதால் பிரம்மாண்டமான நீளமாக மாறியது. அக்கம்பக்கத்து நினைவகத்தையெல்லாம் துடைத்துக்கொண்டே போய்ச் சோதனைக் கணினி விழுந்தது. ஒரு வரியைத் திருத்தப் பத்து நிமிடம். அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள்.

சிறிய நினைவக ஒதுக்கீடுகளிலும் களையெடுப்பு நடந்திருக்கிறது. ஸ்லாப், ஸ்லோப், ஸ்லப் என மூன்று ஒதுக்கீட்டு முறைகள் இருந்தனவே, கெர்னல் நிரலாளர் விளாஸ்டிமில் பாப்காவின் முயற்சியால் ஸ்லோப் 2023இல் 6.4 பதிப்பிலும், ஸ்லாப் 2024இல் 6.8 பதிப்பிலும் நீங்கின. ஸ்லோப் போனதால், ஒரே வகைப் பொருள்களுக்கென ஒதுக்கிய தனி கேஷிலிருந்து எடுத்த பொருளையும் இப்போது பொதுவான விடுவிப்பு ஃபங்ஷனான வெறும் ‘கேஃப்ரீ’ கொண்டே விடுவிக்கலாம். அதற்காக நாம் எழுதி வைத்திருந்த சுற்றுவழி ஃபங்ஷன் ஒன்றை மகிழ்ச்சியோடு அழித்தேன்.

அந்த 4096ஐ எழுதியவர் யார் என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைப் புரட்டினேன். எழுதியவன் நீ, சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான். இன்னும் இரண்டு ஃபங்ஷன்கள் மாற்றப்படாமல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பக்கத்தைப் பூட்டிவிட்டு உடனே பூட்டைத் திறந்து மறுபடியும் பூட்டியிருக்கிறாய். அதற்குக் காரணம் நினைவிருந்தால் எழுது. அதுவரை அந்த வரிகளில் நான் கை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய மேசைக்காரன்