ஒட்டுத்துணிப் போர்வையும் தாம்பூலப் பையும்: நம் தையல் குழுவின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவி அவர்களுக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கும் அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய ஈரோட்டில் நம் குழு செய்த வேலைகளை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

கூட்டங்கள் வழக்கம்போல் சனிக்கிழமை மதியம் நடந்தன. பராமரிப்புக்காகக் கரண்ட் நின்ற நாட்களில் மோட்டார் மெஷின்காரர்கள் துணி வெட்ட, கால் மெஷின்காரர்கள் தைத்தார்கள். கால் மெஷின்களை விலைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற ஆண்டு பேசியவர்கள் இந்த ஆண்டு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முதலில் போர்வை. முதியோர் இல்லத்துக்கு என்று நாம் ஒப்புக்கொண்டது 5 அடிக்கு 7 அடி ஒட்டுத்துணிப் போர்வைகள் இரண்டு. ஆறரை இஞ்ச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் கால் இஞ்ச் பிடித்துத் தைத்தால் ஆறு இஞ்ச் கட்டம் கிடைக்கும். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினான்கு, ஆக ஒரு போர்வைக்கு 140 கட்டங்கள். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போய் வெட்டி, வரிசை வரிசையாகத் தைத்துக் கொண்டுவந்தோம். தரையில் விரித்தால் ஒரு வரிசையும் இன்னொரு வரிசையோடு சேரவில்லை. காரணம் சின்னதுதான். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், ஆக கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல்; சிலருடைய கை மூன்று நூல் பிடித்துப் பழகிய கை. ஒரு கட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு நூல் கூடுதலாகப் போனால் கட்டம் கால் இஞ்ச் குறையும். பத்துக் கட்டம் சேர்ந்த வரிசையில் இரண்டரை இஞ்ச் காணாமல் போய்விடும். போதாததற்கு, பழைய இஞ்ச் டேப்புகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் இரண்டு டேப்புகள் இழுபட்டு நீண்டிருந்தன. பிளவுஸுக்கு ஒரே ஆள் ஒரே டேப்பால் அளந்து தைப்பதால் இது தெரியாது. பல பேர் சேர்ந்து ஒரு துணி தைக்கும்போதுதான் தெரியும்.

அதன் பிறகு ஒரே இரும்பு ஸ்கேலால் அளந்து அட்டை வெட்டி, எல்லோரும் அந்த அட்டையை வைத்தே வெட்டினோம். ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மெஷின் தட்டில் ஒரு துண்டு ஒட்டும் டேப் ஒட்டி, துணியின் ஓரம் அதைத் தொட்டபடி போகட்டும் என்று முடிவானது. வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைப்பதும் இனி கட்டாயம். புதுக் காட்டன் சுருங்கும், பழைய சேலை சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை சுருக்கு விழுந்துவிடும். திருப்பூரிலிருந்து ஓர் அக்கா அன்போடு அனுப்பிய பனியன் வேஸ்ட் மூட்டையும் போர்வைக்கு ஆகவில்லை. இழுத்த பக்கம் வரும் துணி அது. பின்னல் போட்டுக் கால்மிதி செய்தோம், நன்றாகவே வந்தது.

நடுவில் பஞ்சு வைப்பதா என்று நீண்ட விவாதம் நடந்தது. நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம், நெருக்கித் தைக்காவிட்டால் மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று பெரியவர்கள் சொன்னதே நின்றது. பழைய சென்னிமலை பெட்ஷீட் ஒன்றை நடுவில் வைத்தோம். அடிப்பக்கத்துக்கு ஒரு காட்டன் சேலை. ஐந்தரை மீட்டரை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் தாராளமாகப் போதும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் நூலோட்டம் போடக் கற்றுக்கொடுத்தவர், கணவரின் வேலைக்காகக் கர்நாடகத்தின் ஹூப்ளியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த நம் உறுப்பினர். அங்கே பழைய சேலையில் தைக்கும் போர்வைக்குக் கௌதி என்று பெயராம். உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்று அழைக்கப்படும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் தைக்கும் போர்வை ஒன்றையும் அவர் கொண்டுவந்து காட்டினார். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். அளவும் இல்லை, அட்டையும் இல்லை. நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முடிந்ததாகக் கணக்கு. அதைப் பூ என்கிறார்கள். ‘இது முன்பே தெரிந்திருந்தால் அட்டைச் சண்டையே வந்திருக்காதே’ என்று ஒரு குரல் வந்தது. யார் என்று அறிக்கையில் எழுதவில்லை. நம் போர்வையின் மூலையிலும் அந்தப் பூவை வைத்தோம்.

முதல் போர்வை ஆடி மாதத்தில் முடிந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, தாம்பூலப் பை ஆர்டரும் இல்லை, அதனால் முடிந்தது. இரண்டாவது போர்வை தொடங்கியதும் ஆவணி பிறந்துவிட்டது. இன்றுவரை அது பாதியில் நிற்கிறது.

இனி பைகள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் எல்லாம் சேர்ந்து துணிப்பைக்குத் தேவை இருக்கிறது. ஆர்டருக்கு நாம் அலையவே வேண்டியிருக்கவில்லை. ‘கோயம்பேட்டில் மெஷினில் பத்து ரூபாய் போட்டால் பை வருகிறதே, உங்கள் பைக்கு ஏன் இந்த விலை?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விலையோடு நாம் மோத முடியாது, மோதவும் வேண்டாம். 45 இஞ்ச் அகலக் காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கினால் 14க்கு 16 இஞ்ச் பை மூன்று வரும். மிஞ்சும் நான்கு இஞ்ச் பட்டையில் ஒரு பைக்குத்தான் கைப்பிடி தேறும். மற்ற இரண்டுக்கும் நாம் பழைய சேலைக் கரையை வெட்டி வைக்கிறோம். இப்போது வாடிக்கையாளர்களே ‘கரை வைத்த பை’ என்று கேட்டு வாங்குகிறார்கள்.

கைப்பிடி பிய்ந்த புகார்கள் கோடையில் வந்தன. மடிப்போடு சேர்த்து ஒரே ஒரு தையல் போட்டிருந்த பைகள் அவை. இப்போது கைப்பிடியை இரண்டு இஞ்ச் கீழே இறக்கி, சதுரம் அடித்து, உள்ளே பெருக்கல் குறி போடுகிறோம். நேரம் பிடிக்கும், ஆனால் புகார் நின்றுவிட்டது. பெயர் அச்சடிக்கும் பைகளுக்குத் துணியை வெட்டியதும் பிரிண்டிங் முடித்துவிட்டுத் தைப்பதே சரி. தைத்த பையில் மடிப்பு மேடு தட்டி எழுத்து சிதறுகிறது.

தை முகூர்த்தத்துக்குப் பை வாங்கிய ஒரு கடை பாதிப் பணம் மட்டும் கொடுத்து, மீதியை இன்று நாளை என்று இழுக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்; அந்தப் பாக்கியையும் அவரே சொல்வார்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பையில் வரும் பணத்தில்தான் நூலும் ஊசியும் வாங்குகிறோம், மறுக்கவில்லை. ஆனால் பை தைக்கும்போது ஆளுக்கு ஒரு மெஷினில் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறோம். போர்வை விரித்தால்தான் எல்லோரும் ஒரே துணியைச் சுற்றி உட்காருகிறோம். புதிதாக வந்தவர்கள் வேலை கற்றுக்கொண்டதும் அங்கேதான். பை மட்டும் தைக்க இது கம்பெனி இல்லையே.

ஆகவே வரும் ஆண்டுக்கு, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை முகூர்த்த மாதமானாலும் போர்வைக்கு மட்டும் என்றும், பாதி முன்பணம் இல்லாமல் பை ஆர்டர் எடுப்பதில்லை என்றும் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். துணி வெட்டும் கத்தரிக்கோலால் பேப்பர் வெட்டக் கூடாது என்பதை மூன்றாவது தீர்மானமாகச் சேர்க்கச் சொன்னார் தலைவி, சேர்த்திருக்கிறேன்.

சேலைகளைத் துவைத்து இஸ்திரி போட்டே கொடுத்தவர்களுக்கும், மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்ட தங்கைக்கும் நன்றி. தீர்மானங்களை வழிமொழிய உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்