நித்யாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள நித்யா,

உன் இரண்டு வரிச் செய்தி கிடைத்தது. அமெரிக்காவிலேயே இன்னொரு சிறிய கல்லூரி, பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் பதவி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். என் அபிப்பிராயத்தை நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: அவசரப்படாதே.

உதவிப் பயிற்சியாளராக இருப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு 1985-ல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஔரியெம்மாவோடு வந்த கிறிஸ் டெய்லி அவருக்கு அடுத்த நாற்காலியிலேயே இருந்து 12 தேசியக் கோப்பைகளைப் பார்த்துவிட்டார். ஜேன் ஜென்சன் 2000-ல் தலைமைப் பயிற்சியாளர் லிசா ப்ளூடரோடு அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2024-ல் ப்ளூடர் ஓய்வு பெற்றதும் பொறுப்பு தானாக அவர் கைக்கு வந்தது. ஆனால் உன் தலைமைப் பயிற்சியாளருக்கு உன்னைவிட ஆறு வயதுதானே அதிகம்? அவர் எழுந்திருக்கப் போவதில்லை. அதையும் யோசி.

டான் ஸ்டேலி டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எட்டு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2008-ல் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் பருவத்தில் பத்து வெற்றி, பதினெட்டுத் தோல்வி. முதல் கோப்பை 2017-ல்தான். அதுவரை பொறுத்தார்கள். உன்னைப் பொறுப்பார்களா? ஒப்பந்தம் எத்தனை வருடம்? நடுவில் நீக்கினால் மீதிச் சம்பளம் உண்டா? நீ விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? இப்போது ஆட்டக்காரிகளும் பருவம் முடிந்ததும் கல்லூரி மாறிவிடுகிறார்கள். நீ வளர்த்த நல்ல பெண்ணைப் பணமுள்ள பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போனால், அவளுக்குப் பதில் ஆள் பிடிக்க உன் கையில் என்ன இருக்கும்? வங்கியில் காலமெல்லாம் கடன் பத்திரம் படித்தவன் நான். நகலை அனுப்பு. படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

மார்ச் மாதம் ஒரு ஆட்டத்தில், நீ முழங்காலிட்டு அந்தச் சின்ன வெள்ளைப் பலகையில் கோடு போடுவதைக் காட்டினார்கள். அந்த உயரமான பெண்கள் எல்லாரும் குனிந்து உன் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைக் கைப்பேசியில் பிடித்து பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டாள். சித்தப்பாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. "பி.டி. டீச்சர் வேலைதானே?" என்று இன்னமும் கேட்கிறவர். நீ ஒரு தடவை நேரில் வந்திருந்தால் அவர் வாய் அடைபட்டிருக்கும். பொங்கலுக்கு ஆட்டம் இருக்கும், தெரியும். ஜூலையில் அணிக்கு ஆள் தேட பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்பாய். வருடத்துக்கு வேறு மாதமே இல்லையா?

இன்னொன்று. அந்த ஊரில் மாப்பிள்ளைக்கு வேலை அமையுமா? இதற்கு முன் ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் அவர் அலுவலகம் எவ்வளவு தூரம் என்பதைத்தான் முதலில் சொல்வாய். இந்தத் தடவை அவர் பேச்சையே காணோம். போன ஞாயிறு வீடியோவில் உனக்குப் பின்னால் புத்தக அலமாரி பாதி காலியாக இருந்தது. புது வேலைக்கு மூட்டை கட்டுகிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நீதான் இன்னும் பதிலே சொல்லவில்லையே என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு இன்னும் உறைக்கவில்லை.

அவசரப்படாதே, எதிலும்.

பருப்புப்பொடி அரைத்தாகிவிட்டது. பார்சலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அம்மா கேட்கிறாள். மாப்பிள்ளைக்காக நார்த்தங்காய் ஊறுகாயும் வைப்பதாகச் சொல்கிறாள். வைக்கட்டுமா, வேண்டாமா? வேறு எதற்கும் பதில் எழுத நேரமில்லாவிட்டால் இதற்கு மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா